மரம் அறுத்த என்ஜின்கள் பறக்கும் ஊர்

இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து ஐ-69 நெடுஞ்சாலையில் வடகிழக்காகச் சுமார் 100 கிலோமீட்டர் போனால் மன்சி வந்துவிடும். வழி முழுக்க மக்காச்சோளமும் சோயாவும்தான். ஜூலையில் மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டி நிற்பதால் வயலுக்கு அப்பால் ஒரு வீடு இருப்பதே சாலையிலிருந்து தெரியாது. 1880களில் இந்த மண்ணுக்கடியில் இயற்கை எரிவாயு கிடைத்தது. அதை நம்பி ஃபிராங்க் பாலும் அவருடைய நான்கு சகோதரர்களும் பஃபலோ நகரிலிருந்த தங்கள் கண்ணாடித் தொழிலை இங்கே கொண்டுவந்தார்கள். அமெரிக்க வீடுகளில் பழமும் காய்கறியும் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடிச் சாடிகள் இந்த ஊரிலிருந்துதான் நாடெங்கும் போயின. எரிவாயு தீர்ந்தது, சாடி ஆலையும் போய்விட்டது. அந்தக் குடும்பத்தின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் மட்டும் ஊரின் நடுவே தழைத்து நிற்கிறது.

நான் தேடிப் போனது ஊரின் கிழக்கு ஓரத்தில், மெமோரியல் டிரைவ் சாலையில் இருக்கிறது. மாடல் விமானக்காரர்களின் தேசிய அமைப்பான அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸின் தலைமையகம் அது. 1936இல் தொடங்கிய அமைப்பு. ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், அதற்குள் பல பறக்கும் களங்கள், ஒரு அருங்காட்சியகம். ஒவ்வொரு கோடையிலும் அமெரிக்காவின் தேசிய மாடல் விமானப் போட்டிகள் இங்கேதான் நடக்கின்றன.

பல ஆண்டுகளாக, மெத்தனாலில் ஓடும் சிறிய குளோ என்ஜின் மாடல்களைப் பறக்கவிட்டு வருகிறவன் நான். எங்கள் பக்கத்திலும் இப்போது பெட்ரோல் என்ஜின் பூட்டிய பெரிய மாடல்கள் மீது ஆசைப்படுகிறவர்கள் கூடிவருகிறார்கள். பணம் இருந்தால் என்ஜின் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அதன் முன்னால் எப்படி உட்காருவது, எங்கே நிற்கக் கூடாது, கையை எந்த நேரத்தில் எடுப்பது என்று பக்கத்தில் நின்று காட்ட ஆள் வேண்டும். அதைக் காட்டுகிறவர்கள் ஏராளமாக இருக்கும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

முதலில் அருங்காட்சியகம். பிலடெல்பியாக்காரரான வில்லியம் பிரவுன் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய பிரவுன் ஜூனியர் என்ஜினிலிருந்துதான் பெட்ரோல் மாடல்களின் கதையைத் தொடங்க வேண்டும். கொள்ளளவு சுமார் 10 சி.சி. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். அதுவரை மாடல் விமானத்துக்கு விசை என்றால் பெரும்பாலும் முறுக்கிவிட்ட ரப்பர்தான். பிரவுனின் என்ஜினைப் பூட்டிய மாடலோடு மேக்ஸ்வெல் பேசெட் 1933 தேசியப் போட்டிக்கு வந்தார். முக்கியக் கோப்பைகளை அவரே அள்ளிக்கொண்டு போனார். ரப்பரும் பெட்ரோலும் ஒரே களத்தில் மோதுவது நியாயமில்லை என்று அதன் பிறகு பெட்ரோலுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் ரேடியோவால் இயக்கிய ‘கஃப்’ மாடலும் பெட்ரோல் என்ஜினில்தான் பறந்தது. 1938 தேசியப் போட்டியில் ரேடியோ பிரிவில் அவர்களுக்கே முதலிடம்.

அந்தக் கால என்ஜினுக்குத் தீப்பொறி தருவதே பெரும்பாடு. காயில், கண்டென்சர், பேட்டரி என்று எல்லாவற்றையும் அந்தச் சின்ன உடம்பு சுமக்க வேண்டும். 1947இல் ரே ஆர்டன் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சுமை ஒரேயடியாகக் குறைந்தது. மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று, தொடக்கத்தில் மட்டும் அதைச் சூடேற்ற ஒரு பேட்டரி, எரிபொருளுக்கு மெத்தனால். பெட்ரோல் ஓரங்கட்டப்பட்டது. மறுபடி அது வந்த வழிதான் எனக்குப் பிடித்தமானது. 1970களில் சிலர் மரம் அறுக்கும் ரம்பத்தின் டூ ஸ்ட்ரோக் என்ஜினைக் கழற்றி, ரம்பச் சங்கிலி இருந்த இடத்தில் ப்ரொப்பெல்லரைப் பூட்டினார்கள். குவாட்ரா, ஜெனோவா என்ற பெயர்கள் அப்படித்தான் களத்துக்கு வந்தன. பின்னர் மாடலுக்கென்றே செய்யும் நிறுவனங்கள் தோன்றின. அரிசோனாவில் டெசர்ட் ஏர்கிராஃப்ட், ஜெர்மனியில் 3டபிள்யூ, சீனாவில் டிஎல்இ. ஆனாலும் இன்றைய என்ஜின்களில் பலவற்றின் கீழே திருப்பிப் பார்த்தால் ரம்பத்தில் இருக்கும் அதே வகை வால்ப்ரோ கார்புரேட்டர் இருக்கும். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் பெட்ரோலை உறிஞ்சிக்கொடுக்கும் டயாஃபிரம் பம்ப் அதற்குள் உண்டு. மரக்கிளையில் தொங்கிக்கொண்டு தலைகீழாக அறுக்கிறவருக்காகச் செய்த வசதி, தலைகீழாகப் பறக்கும் விமானத்துக்கும் அப்படியே உதவுகிறது.

பெட்ரோல் என்ஜின் எவ்வளவு பொறுமையாக உழைக்கும் என்பதற்கு மேனார்ட் ஹில் ஒரு சாட்சி. 2003 ஆகஸ்டில் அவருடைய குழு 5 கிலோ எடை வரம்புக்குள் செய்த ஒரு மாடலை நியூஃபவுண்ட்லாந்தில் கிளப்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறக்கியது. சுமார் 3,030 கிலோமீட்டர், 39 மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. கூடார விளக்கில் ஊற்றும் சுத்திகரித்த பெட்ரோல்தான் எரிபொருள். ஹில்லுக்கு அப்போது பார்வையும் கேட்கும் திறனும் பெரிதும் மங்கியிருந்தன.

கட்டடத்தை விட்டுக் களத்துக்குப் போனேன். பெரிய அளவு ஏரோபேட்டிக் மாடல்கள் பறக்கும் நாள் அது. ஒற்றை இறக்கை விமானத்துக்கு 80 அங்குலம், இரட்டை அடுக்கு இறக்கைக்கு 60 அங்குலம், அதற்கு மேல் போனால் பெரிய அளவு என்பது இங்குள்ள கணக்கு. என் முன்னால் நின்றவை அதையெல்லாம் தாண்டியவை. இரட்டை சிலிண்டர், 100 சி.சி., இரண்டரை மீட்டருக்கு மேல் இறக்கை, மூக்கில் 28 அங்குல கார்பன் ப்ரொப்பெல்லர். நிமிடத்துக்கு 6,500 சுற்று என்று வைத்துக் கணக்கிட்டால் அந்த ப்ரொப்பெல்லரின் நுனி மணிக்கு 870 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வெட்டுகிறது. ஐட்லிங்கில் விட்டாலும் நொடிக்கு 50 முறை பிளேடு ஒரே இடத்தைக் கடக்கும். கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். நுனியில் வெள்ளையோ மஞ்சளோ அடித்து வைப்பது அதனால்தான். சுழலும்போது அந்த நிறம் ஒரு வளையமாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

களத்தின் அமைப்பைப் பார்த்தவுடன் ஒன்று புரிந்தது. எல்லா விமானங்களின் மூக்கும் ஓடுபாதையைப் பார்த்தே இருந்தன. மனிதர்கள் எல்லாரும் இறக்கைக்குப் பின்னால். என்ஜின் ஓட்டும் இடம் தனி, பெட்ரோல் ஊற்றும் இடம் தனி, பார்வையாளர் நாற்காலி தனி. ஓடும் என்ஜினின் பக்கவாட்டில், ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராக, யாரும் நிற்கவில்லை. பிளேடு உடைந்தாலோ, தரையில் கிடந்த கல்லைத் தட்டிவிட்டாலோ சிதறல் பறப்பது அந்தத் தளத்தில்தான். இங்கே யாரும் யாரையும் “தள்ளி நில்லுங்கள்” என்று விரட்டவில்லை. ஒரு சிறுமி தன் தாத்தாவின் விமானத்தைச் சுற்றி இறக்கை நுனிக்கு வெளியே நடந்து பின்னால் போய் நின்றாள். குறுக்கு வழியாக மூக்கின் முன் போயிருந்தால் நாலு எட்டுதான். அவள் கால் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஊரின் கியர்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் என்னைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். 50 சி.சி. ஒற்றை சிலிண்டர் என்ஜின், 22 அங்குல மர ப்ரொப்பெல்லர். “குளோ என்ஜின் பழக்கமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியானால் ஒரு பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். குளோ பிளக்கில் பேட்டரியை மாட்டவில்லை என்றால், குளிர்ந்த என்ஜின் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். இது அப்படி இல்லை” என்றார்.

ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இருந்த ஹப்பைக் காட்டினார். அதில் பொட்டு அளவில் ஒரு காந்தம். அதற்கு எதிரே கேஸின் மீது ஒரு சென்சார். காந்தம் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் இக்னிஷன் பெட்டி பிளக்கில் ஒரு தீப்பொறி விடும். சுவிட்ச் போட்டிருந்தால் போதும், ப்ரொப்பெல்லரைத் துணியால் துடைக்கிற அசைவுக்கே பொறி பறக்கும். உள்ளே கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்து, என்ஜினும் சூடாக இருந்தால் பிளேடு ஒரு சுற்று சுற்றிவிடும். பழைய மேக்னெட்டோ வகையில் இன்னும் ஒரு சிக்கல். அங்கே பேட்டரியே இல்லை. சுவிட்சைத் தட்டினால் மேக்னெட்டோ தரையோடு இணைந்து பொறி நிற்கும். அந்த ஒயர் அறுந்திருந்தால் ‘ஆஃப்’ என்று சுவிட்ச் சொல்லும், என்ஜின் தயாராகவே இருக்கும். “அதனால்தான் எங்களுக்கு நின்ற ப்ரொப்பெல்லர் என்று ஒன்று கிடையாது” என்றார் பெரியவர். விமானத்தை வண்டியிலிருந்து இறக்கும்போது, மேசையில் வைக்கும்போது, போல்ட் முடுக்கும்போது, எப்போதும் அவர் கை பிளேடின் சுற்றுக்கு வெளியிலேயே இருந்ததை அதன் பிறகு நான் கவனித்தேன்.

என்ஜினைக் கிளப்பியதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தரையில் இரண்டு குட்டைத் தூண்கள் அடித்து நுரைப்பஞ்சு சுற்றியிருந்தார்கள். விமானத்தின் இறக்கை அவற்றில் சாய்ந்து நிற்க, முன்னால் பாய வழியில்லை. போதாததற்கு வாலருகே ஒரு இளைஞர் குந்தி உட்கார்ந்து உடலை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். பெரியவர் முதலில் ட்ரான்ஸ்மிட்டரைப் போட்டார், பிறகு ரிசீவரை. த்ராட்டில் குச்சியை மேலும் கீழும் நகர்த்தி, கார்புரேட்டரின் தகடு முழுசாக மூடுகிறதா என்று குனிந்து பார்த்தார். ட்ரான்ஸ்மிட்டரின் கழுத்துப்பட்டையைக் கழற்றித் தனியே வைத்தார். தொங்கும் பட்டையோடு என்ஜின் மேல் குனிந்தால் அது பிளேடில் சிக்கும். தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, காற்றில் படபடக்கும் துப்பட்டா, வேட்டி நுனி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்துப் ப்ரொப்பெல்லர். இரண்டு பிளேடின் முன்விளிம்பிலும் நகத்தை ஓட்டினார். நகம் எங்காவது தட்டினால் அந்த ப்ரொப்பெல்லர் குப்பைக்குத்தான். ஒட்டிச் சரிசெய்வது என்ற பேச்சே இல்லை. போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்தார். மரம் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், ஈரப்பதத்துக்குத் தகுந்து விரியும், சுருங்கும். நேற்று இறுக்கமாக இருந்த போல்ட் இன்று தளர்ந்திருக்கலாம். பெட்ரோல் என்ஜினின் அதிர்வு குளோ என்ஜினுடையதைப் போலப் பல மடங்கு. மஃப்ளர் போல்ட், என்ஜின் மவுன்ட், சர்வோ மோட்டார் திருகு என்று உலோகத்தில் போய்ச் சேரும் எதற்கும், தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை போடாமல் அவர் விடுவதில்லை.

தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டார். சோக் மூடியது. இக்னிஷன் இன்னும் ‘ஆஃப்’. பிளேடை மெல்லச் சுற்றிச் சுற்றி, கார்புரேட்டர் வரை பெட்ரோல் வந்து சேர்வதைக் குழாயில் பார்த்தார். வந்ததும் நிறுத்தினார். “இக்னிஷன் ஆன்!” என்று உரக்கச் சொன்னார். வால் பிடித்த இளைஞர் “ஆன், பிடித்திருக்கிறேன்!” என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

இனி கை. விரல்களை நீட்டி, பிளேடின் முன்பக்கத்தில் பதித்தார். விரல் எதுவும் பிளேடின் பின்விளிம்பைத் தாண்டி வளையவில்லை, கட்டைவிரல் ஒதுங்கியே இருந்தது. பிடித்துச் சுழற்றுவது கிடையாது. தள்ளிவிட்ட அதே வீச்சில் கை கீழே போய், உடலோடு சேர்ந்து வட்டத்துக்கு வெளியே வந்துவிடுகிறது. எடை பின்காலில். இரண்டு மூன்று தட்டுக்குப் பிறகு ‘புப்’ என்று ஒரே ஒரு சத்தம். சோக் திறந்தது. த்ராட்டில் ஐட்லிங்குக்குச் சற்றே மேலே. அடுத்த தட்டில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டதும் பார்வையாளருக்குத்தான் உற்சாகம். பெரியவர் முகத்தில் மாற்றமே இல்லை. எழுந்து, இறக்கை நுனியைச் சுற்றிப் பின்னால் வந்தார். கார்புரேட்டரின் இரண்டு ஊசிகளையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. குறைந்த வேகத்துக்கு ஒன்று, அதிக வேகத்துக்கு ஒன்று. என்ஜினை நிறுத்தி, எட்டில் ஒரு பங்குச் சுற்று திருப்பி, மறுபடி முதலிலிருந்து கிளப்பினார். ஓடும்போதே திருப்பக் கூடாதா என்று கேட்டேன். “பின்னாலிருந்து எட்டும் இடத்தில் ஊசி இருந்தால், பிடிக்க ஆள் இருந்தால் திருப்பலாம். முன்னாலிருந்து கை நீட்ட வேண்டியிருந்தால் எனக்கு அவசரமே கிடையாது” என்றார்.

என்ஜினைக் கிளப்புவதைவிட நிறுத்துவதற்குத்தான் இங்கே வழிகள் அதிகம். ட்ரான்ஸ்மிட்டரில் ஒரு சுவிட்சைத் தட்டினால் விமானத்தில் உள்ள ஆப்டிகல் கில் சுவிட்ச் இக்னிஷனை வெட்டும். த்ராட்டிலை முழுதாக மூடினாலும் நிற்கும். சோக்குக்கு சர்வோ வைத்திருந்தால் அதை மூடியும் நிறுத்தலாம். விமானத்தின் வெளியே, ப்ரொப்பெல்லரைத் தொடாமல் எட்டக்கூடிய இடத்தில், பெயர் எழுதிய ஒரு சுவிட்சும் உண்டு. பெரிய மாடல்களுக்கான சர்வதேச மினியேச்சர் விமானச் சங்கத்தின் விதிகள் இந்த வெளிச்சுவிட்சையும், தூரத்திலிருந்தே நிறுத்தும் வசதியையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. ரேடியோத் தொடர்பு அறுந்தால் த்ராட்டில் தானாகக் கீழே போய் இக்னிஷன் அணைய வேண்டும். இதைச் சோதிக்க அவர்கள் ட்ரான்ஸ்மிட்டரையே அணைத்துப் பார்க்கிறார்கள். விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, ஆள் பிடித்துக்கொண்டு.

தீப்பொறி என்றால் ரேடியோவுக்கு இடைஞ்சல். பிளக்கிலிருந்து வரும் ஒயருக்கு உலோகப் பின்னல் உறை, மூடியில் ரெசிஸ்டர், இக்னிஷனுக்குத் தனி பேட்டரி. ரிசீவரும் அதன் பேட்டரியும் இக்னிஷன் சாமான்களிலிருந்து ஒரு அடியாவது தள்ளி. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தபின் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டாலும், என்ஜின் ஓடும்போது ஒருமுறை, ஓடாதபோது ஒருமுறை என்று தொலைவுச் சோதனை செய்யாமல் புதிய மாடலை யாரும் தூக்குவதில்லை.

பெட்ரோல் ஊற்றும் இடத்துக்குப் பெரியவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். டிவிஎஸ் 50க்குப் பங்க்கில் ஆயில் கலந்து ஊற்றிய தலைமுறைக்கு இந்தக் கலவை புதிதில்லை. என்ஜினுக்கு என்ஜின் 30க்கு 1, 32க்கு 1, 50க்கு 1 என்று விகிதம் மாறும். 32க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 31 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். புது என்ஜினைப் பழக்கும்போது தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தைத்தான் கேட்க வேண்டும், பக்கத்து ஆளை அல்ல என்றார் அவர்.

கேனை அவர் பிக்அப் வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தபிறகுதான் மூடியைத் திறந்தார். வண்டியின் அடித்தளத்தில் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் கேன் இருக்கும்போது சேரும் நிலைமின்சாரத்துக்குப் போக வழியில்லை. ஊற்றுகிற நேரத்தில் ஒரு பொறி பறந்தால் போதும். மெத்தனாலோடு பழகியவர்கள் பெட்ரோலைக் குறைத்து எடைபோட இடமுண்டு. −40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவி பெட்ரோலிலிருந்து கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் அவருக்கும் கேனுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு திரி கிடக்கலாம். அதனால் ஊற்றும் இடத்தில் என்ஜின் இல்லை, சிகரெட் இல்லை, இக்னிஷன் பேட்டரி இணைப்பு இல்லை. கையால் சுற்றும் பம்ப், தொட்டி நிரம்பி வழிவதைப் பிடிக்க ஒரு புட்டி, நிலத்தில் ஒரு சொட்டும் சிந்தாத வேலை.

குழாயைத் தொட்டுக் காட்டினார். குளோ மாடல்களில் நாம் போடும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிப் பிய்ந்துவிடும். மஞ்சள் நிற டைகான் குழாய்தான் இங்கே எல்லாரிடமும். அதையும் ஒவ்வொரு பருவத்திலும் மாற்றுகிறார்கள். முனைகளில் கம்பியோ கிளிப்போ. தொட்டி மூடியின் ரப்பரும் பெட்ரோலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். அமெரிக்க பங்க்குகளில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரும். சில பங்க்குகளில் எத்தனால் இல்லாததும் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. இவர் அதைத்தான் வாங்குகிறார். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டயாஃபிரத்தை விறைக்கவைக்கும். நம் நாட்டில் 20 சதவீதக் கலப்புக்கு வந்துவிட்டோம். ஆகவே தொட்டியில் மிச்சம் வைக்காமல் வடித்து, கார்புரேட்டரில் உள்ளதை ஓட்டித் தீர்த்து வைப்பதும், டயாஃபிரம் கிட்டைக் கையிருப்பில் வைப்பதும் அங்குள்ளவர்களைவிட நமக்குத்தான் முக்கியம்.

ஒவ்வொரு நிழற்கூரையின் கீழும் ஒரு தீயணைப்பான் நின்றது. மதியம் அதன் பயனைப் பார்த்தேன். எங்களுக்கு இரண்டு கூரை தள்ளி, அதிகமாகப் பெட்ரோல் குடித்துவிட்ட ஒரு என்ஜின் கார்புரேட்டர் வழியாகத் திருப்பிச் சீறியது. காற்று உள்ளே இழுக்கும் வாயில் தீ தெரிந்தது. சொந்தக்காரர் ட்ரான்ஸ்மிட்டரில் இக்னிஷனை வெட்டினார், த்ராட்டிலை மூடினார். வால் பிடித்தவர் பிடியை விடவில்லை. மூன்றாமவர் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானோடு பக்கவாட்டில் வந்தார், மூக்கின் நேரே வரவில்லை. ஒரே பீச்சில் முடிந்தது. தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பிவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்தச் சம்பவம் முழுவதிலும் கூச்சல் என்று எதுவும் இல்லை. மூவரும் இதைப் பலமுறை பேசி வைத்திருக்கிறார்கள். யார் எதைச் செய்வது என்பது தீ வருவதற்கு முன்பே முடிவான விஷயம்.

பிறகு பறப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு விமானியின் பின்னாலும் ஒருவர் நின்று, அடுத்துவரும் சுற்றை அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். 12 கிலோ எடையுள்ள ஒரு விமானம் மூக்கை நேர் மேலே தூக்கி, ப்ரொப்பெல்லர் இழுவையில் மட்டும் தொங்கி, அசையாமல் நின்றது. அதன் வால் புல்லிலிருந்து ஓர் ஆள் உயரம். அடுத்த நிமிடம் இன்னொரு விமானத்தின் சத்தம் உயரத்தில் சட்டென்று அடங்கியது. “டெட் ஸ்டிக்!” என்று ஒரு குரல். என்ஜின் நின்றுவிட்டது என்று பொருள். ஓடுபாதையில் நின்றிருந்தவர் தன் விமானத்தை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். காற்றில் இருந்த மற்றவர்கள் விலகிப் போனார்கள். நின்ற என்ஜினோடு அது தன் போக்கில் சறுக்கி வந்து புல்லில் இறங்கியது. எடுத்துவரப் போனவர் முதலில் தொட்டது இக்னிஷன் சுவிட்சை. விளக்கு அணைந்ததை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகுதான் குனிந்து தூக்கினார். நின்றுபோய் அரை கிலோமீட்டர் காற்றில் மிதந்து வந்த என்ஜினிடமும் அதே மரியாதை.

மாலையில் பெரியவரோடு கூரையின் கீழே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு ஒழுங்கு எப்படி வந்தது என்று கேட்டேன். சட்டத்தின் பங்கைச் சொன்னார். 250 கிராமுக்கு மேற்பட்ட மாடலைப் பதிவு செய்ய வேண்டும், பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவர்கள் இலவசமான ஒரு பாதுகாப்புத் தேர்வை எழுத வேண்டும், 55 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோவைத் தாண்டினால் தனிப் பரிசோதனைகள். நம் 2021 ட்ரோன் விதிகளும் மாடலுக்கு வைத்திருக்கும் வரம்பு அதே 25 கிலோதான். “ஆனால் சட்டம் வாலைப் பிடிக்காது” என்றார் அவர். “இங்கே புதிதாக வருகிற ஆளுக்கு முதல் கோடை முழுக்க வால் பிடிக்கும் வேலைதான். நூறு தடவை வாலைப் பிடித்து, நூறு தடவை ‘ஆன்’ என்று திருப்பிச் சொன்னபிறகு, அவன் தன் என்ஜின் முன்னால் உட்காரும்போது கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.”

மன்சியில் நான் கற்றதன் சாரம் இதுவே. பெட்ரோல் என்ஜினின் பாதுகாப்பு கையுறையிலும் கண்ணாடியிலும் தொடங்கவில்லை. நிற்கும் இடத்தில் தொடங்குகிறது, பக்கத்தில் இன்னொருவர் இருப்பதில் நிலைபெறுகிறது. தனி ஆளாக இந்த என்ஜினைக் கிளப்புகிறவரின் கையில் எல்லாச் சாமானும் இருந்தாலும், அவர் விழுந்தால் சுவிட்சைத் தட்ட யாரும் இல்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் அந்த ஒரு குரல், எந்த எலக்ட்ரானிக் கருவியையும்விட எனக்கு நம்பகமாகத் தெரிந்தது. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் அங்கே எண்பது வயதுக்காரரும் பள்ளிச் சிறுமியும் ஒரே கூரையின் கீழே, அதே பயங்கரமான வேகத்தோடு, பயமில்லாமல் பொழுதைக் கழிக்க முடிகிறது.

நம் ஊர் மைதானங்களில் இதைத் தொடங்க ஆயிரம் ஏக்கர் தேவையில்லை. கம்பும் கயிறும் வைத்து ஒரு கோடு போடலாம். மூக்கெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், மனிதர் எல்லாம் இந்தப் பக்கம். தரையில் இரண்டு தூண் அடிக்கலாம். பெட்ரோல் கேனுக்கு இருபதடி தள்ளி ஓர் இடம் ஒதுக்கலாம். ஒரு தீயணைப்பான், அதைத் தூக்கப் பெயர் குறித்த ஓர் ஆள். வேடிக்கை பார்க்க ஓடிவரும் பிள்ளைகளை விரட்டாமல், எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று கைபிடித்துக் காட்ட இன்னோர் ஆள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட்டிப் பார்ப்பதில்லை என்று ஒரு முடிவு, ஏனென்றால் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. என்ஜினுக்கென்று சேர்த்த பணத்தில் முதல் பங்கு இவற்றுக்குப் போகட்டும், என்ஜின் அடுத்த மாதம் வரட்டும்.